ஆஸ்பிரின் போட்டால் புகையிலைச் செடிக்கு என்ன ஆகும்? வைரஸை எதிர்க்கும் தாவரங்களின் ‘சொந்த மருந்து’

உளுந்து வயலில் மஞ்சள் தேமல் வந்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?

பயறு வகை போடும் எந்த விவசாயியும் ஒரு முறையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. இதற்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: மருந்து கிடையாது. மஞ்சள் அடித்த செடியை மறுபடி பச்சையாக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை. நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தலாம், ஆரம்பத்திலேயே நோய் கண்ட செடியைப் பிடுங்கி அழிக்கலாம், எதிர்ப்புத் திறன் கொண்ட ரகத்தை விதைக்கலாம். அவ்வளவுதான்.

பூஞ்சைக்கு மருந்து இருக்கிறது, புழுவுக்கு மருந்து இருக்கிறது, வைரஸுக்கு மட்டும் ஏன் இல்லை? பூஞ்சை ஓர் உயிரினம். அதற்கென்று செல் இருக்கிறது, செல்லுக்குச் சுவர் இருக்கிறது, அதற்குள் தனியாக ஒரு சமையல் நடக்கிறது. அந்தச் சமையலைக் கெடுத்தால் பூஞ்சை செத்துவிடும். வைரஸுக்கு இதெல்லாம் கிடையாது. புகையிலை தேமல் வைரஸை எடுத்துக்கொண்டால், சுமார் 6,400 எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ இழை, அதைச் சுற்றி ஒரு புரதச் சட்டை. இவ்வளவுதான் அதன் மொத்தச் சொத்து. செடியின் செல்லுக்குள் நுழைந்து, செடியின் அடுப்பில், செடியின் அரிசியைப் போட்டுத்தான் அது சமைக்கிறது. அடுப்பை உடைத்தால் செடியும் சேர்ந்து போய்விடும். சிக்கல் இதுதான்.

ஆனால், மருந்துக் கடைகள் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே செடிகள் வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ரத்தமும் இல்லை, வெள்ளை அணுக்களும் இல்லை, ஓடி ஒளியக் காலும் இல்லை. பிறகு எப்படிச் சமாளிக்கின்றன? தங்களுக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் சில வேதிப்பொருள்களால்தான். அவற்றில் ஒன்று நம் வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் மாத்திரைக்கு மிக நெருங்கிய சொந்தம்.

தலைவலி மாத்திரை செய்த வேலை

1961-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ராஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். புகையிலைச் செடியின் கீழ் இலைகளில் தேமல் வைரஸைத் தேய்த்துவிட்டார். அது வைரஸை எதிர்க்கும் வகைச் செடி. அதனால் நோய் பரவாமல், தொட்ட இடங்களில் மட்டும் சிறு புள்ளிகளாக இலை கருகியது. வைரஸ் இருந்த செல்களைச் செடியே கொன்று, நோயை அங்கேயே சிறைவைத்துவிட்டது என்று அர்த்தம். சில நாள்கள் கழித்து, அதுவரை வைரஸே படாத மேல் இலைகளில் அதே வைரஸைத் தேய்த்தார். இந்த முறை புள்ளிகள் குறைவு, அளவிலும் சிறியவை. கீழ் இலை வாங்கிய அடியை மேல் இலை எப்படியோ தெரிந்துவைத்திருந்தது. தடுப்பூசி போட்ட மாதிரி!

‘எப்படியோ’ என்பதற்கு விடை கிடைக்கக் கொஞ்ச காலம் ஆனது. 1979-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.எஃப்.வைட் புகையிலை இலைகளுக்கு ஆஸ்பிரின் கரைசலை ஊசி மூலம் ஏற்றினார். ஆமாம், தலைவலிக்குப் போடுகிறோமே, அதே ஆஸ்பிரின்தான். பிறகு வைரஸைத் தேய்த்தபோது, இலைகளில் புள்ளிகள் வெகுவாகக் குறைந்திருந்தன.

ஆஸ்பிரின் என்பது சாலிசிலிக் அமிலத்தின் லேசாக மாற்றப்பட்ட வடிவம். சாலிசிலிக் அமிலம் என்ற பெயரே ‘சாலிக்ஸ்’ எனப்படும் வில்லோ மரத்திலிருந்து வந்ததுதான். அந்த மரத்தின் பட்டையை வலிக்கும் காய்ச்சலுக்கும் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். மரம் அதை நமக்காகவா தயாரித்தது? இல்லையே. அப்படியானால் மரத்துக்கு அது எதற்கு என்ற கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்காமலே இருந்திருக்கிறோம்!

1990-ல் ‘சயின்ஸ்’ இதழில் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் விடையைச் சொல்லின. வைரஸ் தாக்கிய புகையிலைச் செடி, தானாகவே சாலிசிலிக் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது என்றது ஒரு குழு. வெள்ளரியில் நோய் தாக்கும்போதும் இதே கதைதான் என்றது இன்னொன்று. 1993-ல் கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது. சாலிசிலிக் அமிலத்தைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியா மரபணுவைப் புகையிலைக்குள் வைத்தார்கள். அமிலம் சேரச் சேரக் கரைந்துபோனது. அந்தச் செடிகளால் ராஸ் பார்த்த அந்த ‘முன்னெச்சரிக்கை’ எதிர்ப்பை உருவாக்கவே முடியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். சாலிசிலிக் அமிலம் வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. அது அபாயச் சங்கு. சங்கு ஊதியதும் செடிக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. வைரஸ் தன்னைப் பிரதி எடுப்பது மெதுவாகிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும் பாதை கடினமாகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ-வை அடையாளம் கண்டு துண்டு துண்டாக வெட்டும் கத்தரி வேலையும் வேகம் பிடிக்கிறது. ஆனால், ஏற்கெனவே செடி முழுக்கப் பரவிவிட்ட வைரஸுக்கு முன்னால் சங்கு ஊதிப் பயன் இல்லை. இந்த விஷயம் மனதில் இருக்கட்டும், பின்னால் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் தேவைப்படும்.

மூட்டுவலி தைலத்தின் வாசனை

மூட்டுவலி தைலத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு காட்டமான வாசனை, அதில் பெரும்பங்கு மெத்தில் சாலிசிலேட்டுடையது. சாலிசிலிக் அமிலத்தின் ஆவியாகும் வடிவம் அது. 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று, வைரஸ் தாக்கிய புகையிலைச் செடி இந்த ஆவியைக் காற்றில் விடுகிறது என்று காட்டியது. பக்கத்துச் செடி அதை உள்வாங்கி, மறுபடி சாலிசிலிக் அமிலமாக மாற்றி, தன் எதிர்ப்பைத் தயார்செய்துகொள்கிறது. பக்கத்து வீட்டுக்கு ‘கதவைச் சாத்திக்கோ’ என்று குரல் கொடுக்கிற மாதிரி.

இதோடு முடிந்திருந்தால் அழகான கதை. 2023-ல் சீன விஞ்ஞானிகள் இதே ‘நேச்சர்’ இதழில் கதையின் அடுத்த பாகத்தை வெளியிட்டார்கள். அசுவினி கடித்த செடி இந்த ஆவியை விடுகிறது. பக்கத்துச் செடிகள் உஷாராகி, அசுவினியையும் அது கொண்டுவரும் வைரஸையும் எதிர்க்கின்றன. ஆனால், அசுவினி மூலம் பரவும் சில வைரஸ்கள், வெள்ளரி தேமல் வைரஸ் உட்பட, செடிக்குள் போனதும் இந்த ஆவித் தயாரிப்பையே முடக்கிவிடுகின்றன. இதற்கென்றே வைரஸிடம் ஒரு புரதம் வேலை செய்கிறது. அதாவது, திருடன் முதலில் தெருவிளக்கை உடைக்கிறான். அசுவினிக்கும் சௌகரியம், வைரஸுக்கும் சௌகரியம். ஒரு தைல வாசனைக்குப் பின்னால் இவ்வளவு அரசியலா என்று எனக்கு இதைப் படிக்கும்போது தோன்றியது.

அந்திமந்தாரையும் காகிதப்பூவும்

எல்லா வேதிப்பொருளும் அபாயச் சங்கு மட்டும் ஊதுவதில்லை. நேரடியாகக் கத்தியை எடுப்பவையும் உண்டு.

கிழக்கு அமெரிக்காவில் வேலியோரங்களில் தானாக வளரும் ‘போக்வீட்’ என்ற செடி இருக்கிறது. கருநீலப் பழம், நச்சுத்தன்மை கொண்டது. 1925-ல் டக்கர், ஆம்ஸ்ட்ராங் என்ற இரு விஞ்ஞானிகள் இதன் சாற்றைத் தேமல் வைரஸோடு கலந்து புகையிலையில் தேய்த்துப் பார்த்தபோது நோய் வரவில்லை. காரணம் ஒரு புரதம் என்பது பின்னால் தெரிந்தது. அது செல்லில் புரதம் தயாரிக்கும் தொழிற்சாலையான ரைபோசோமைக் குறிவைக்கிறது. ரைபோசோமின் ஆர்.என்.ஏ-வில், குறிப்பிட்ட ஓர் இடத்தில், ஒரே ஓர் அடினைனைப் பிடுங்கி எறிகிறது. அவ்வளவுதான், தொழிற்சாலை நின்றுபோகும். வைரஸுக்குப் புரதம் தயாரித்துக் கொடுக்க ஆளில்லை.

அப்படியென்றால் போக்வீட்டின் சொந்தத் தொழிற்சாலை நிற்காதா? அந்தப் புரதத்தைச் செடி, செல்லுக்கு வெளியே, செல் சுவரில் வைத்திருக்கிறது. பூச்சி கடித்துச் செல் கிழியும்போது வைரஸோடு சேர்ந்து இந்தப் புரதமும் உள்ளே போகும். அந்த ஒரு செல் செத்து, மற்றவை பிழைக்கும் என்பது விஞ்ஞானிகள் முன்வைக்கும் விளக்கம். இதில் ஒரு வேடிக்கை: இவ்வளவு ஆயுதம் வைத்திருந்தும் போக்வீட்டுக்கென்றே தனியாக ஒரு தேமல் வைரஸ் இருக்கிறது. அது இந்தச் செடியைத் தாராளமாகத் தாக்குகிறது!

இந்தக் குடும்பக் கதையில் நம் ஊர்ச் செடிகளும் வருகின்றன. சாயங்காலம் மலரும் அந்திமந்தாரை, காம்பவுண்டுச் சுவரில் படரும் காகிதப்பூ, தரையோடு கிடக்கும் மூக்கிரட்டை. பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும் இந்த மூன்றும் தாவரவியலில் ஒரே குடும்பம். மூன்றிலும் வைரஸை எதிர்க்கும் புரதங்கள் இருக்கின்றன. மூக்கிரட்டை வேரைப் பற்றி லக்னோவில் ஹெச்.என்.வர்மாவின் குழு நீண்ட காலம் ஆராய்ந்தது. காகிதப்பூவின் வேரிலிருந்து இப்படியொரு புரதத்தைப் பிரித்தெடுத்த ஆய்வில், 1998-ல், கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இருந்தார்கள்.

ரைபோசோமை நிறுத்தும் இந்தப் புரத வகையின் மிகப் பிரபலமான உறுப்பினர் யார் தெரியுமா? ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின். உலகின் கொடிய நஞ்சுகளில் ஒன்று. ‘இயற்கையானதுதானே, ஒன்றும் செய்யாது’ என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். யூடியூப் பார்த்து ஆமணக்கு விதையை அரைத்துத் தெளிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

சோளத்தட்டையில் ஒரு சாறு

ஆய்வுக்கூடத்திலிருந்து வயலுக்கு வந்த உதாரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினால், தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நிலக்கடலையில் வரும் மொட்டுக் கருகல் நோய். இலைப்பேன் பரப்பும் வைரஸ் நோய் இது. நுனி மொட்டு கருகி, செடி குட்டையாகிவிடும். சின்ன வயதில் தாக்கினால் அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க முடியாது.

இதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் ‘வைரஸ் எதிர்ப்புச் சாறு’ ஒன்று இடம்பெற்றிருக்கிறது. மூலப்பொருள் சோள இலை அல்லது தென்னை ஓலை. காயவைத்து, துண்டாக்கி, பொடியாக்க வேண்டும். ஒரு கிலோ பொடிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கொதிக்கவிடுவது அல்ல, 60 டிகிரிதான். மெல்லிய துணியில் வடிகட்டி, பத்து லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். விதைத்த 10-ம் நாள் ஒரு முறை, 20-ம் நாள் ஒரு முறை.

இந்த நாள் கணக்குதான் முக்கியம். பத்தாம் நாளில் வயலில் நோயே கண்ணில் பட்டிருக்காது. செடி இப்போதுதான் நாலு இலை விட்டிருக்கும். ‘ஒன்றுமே இல்லாத செடிக்கு எதுக்குத் தெளிக்கணும்?’ என்று தோன்றும். ஆனால், இது வந்த நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல, வரும்முன் தயார்செய்யும் வேலை. ராஸின் புகையிலைச் செடி சொன்ன பாடமும் அதுவேதான். மொட்டு கருகியதைப் பார்த்துவிட்டு 40-ம் நாளில் ஓலையைத் தேடி ஓடினால் உழைப்புதான் வீண்.

சரி, இவ்வளவு மலிவான, கையருகே கிடைக்கும் பொருள் ஏன் ஊரெல்லாம் பரவவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு காரணம் புரிகிறது. ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் சாறு வேண்டும், அதற்கு 50 கிலோ பொடி வேண்டும். ஏக்கருக்கு என்றால் சுமார் 20 கிலோ பொடி, 200 லிட்டர் சாறு. காய்ந்த ஓலையை 20 கிலோ பொடியாக்குவது, 40 லிட்டர் தண்ணீரை ஒரு மணி நேரம் ஒரே சூட்டில் வைத்திருப்பது, இதையெல்லாம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை செய்வது. கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் இது சின்ன வேலை இல்லை. கடையில் ஒரு பாட்டில் வாங்கி, மூடியால் அளந்து, டேங்கில் ஊற்றுவது அதைவிட எவ்வளவோ சுலபம்.

செடியையே மாற்றிவிட்டால்?

சாறு எடுக்கும் சிரமமே வேண்டாம், அந்தப் புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவைப் பயிருக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று 1993-ல் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். போக்வீட்டின் மரபணு வைக்கப்பட்ட புகையிலையும் உருளைக்கிழங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வைரஸ்களை எதிர்த்தன. ஆனால், புரதத்தை அதிகமாகத் தயாரித்த செடிகள் குட்டையாக, இலையெல்லாம் திட்டுத்திட்டாக வளர்ந்தன. கத்தி சொந்தக் கையையும் கீறிவிட்டது.

சாலிசிலிக் அமிலத்தின் வழியிலும் இந்தப் பிரச்சினை உண்டு. அதைப் போலவே சங்கு ஊதும் செயற்கை வேதிப்பொருள் ஒன்றை, அசிபென்சோலார் என்பது பெயர், 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இலைப்பேன் பரப்பும் ‘தக்காளி புள்ளி வாடல்’ வைரஸிலிருந்து புகையிலையைக் காக்க அது பயன்படுகிறது. ஆனால், நோய் எதுவும் இல்லாத கோதுமைச் செடிகளில் இதைத் தெளித்துப் பார்த்த ஆய்வில், தெளிக்காத செடிகளைவிட வளர்ச்சியும் விதையும் குறைந்தன. எதிரியே வராத ஊரில் எந்நேரமும் காவலுக்கு ஆள் நிறுத்தினால், வயல் வேலையை யார் பார்ப்பது? அதனால்தான் செடிகள் சங்கைத் தேவைப்படும்போது மட்டும் ஊதுகின்றன. நாம் அதை ‘வாரம் ஒரு முறை அடிங்க’ என்று மாற்றினால் மகசூலில் கைவைப்பதாகிவிடும்.

இன்னொரு விஷயம் வெயில். சாலிசிலிக் அமிலச் சுரப்பு வெப்பத்துக்கு ஒத்துப்போவதில்லை. அரபிடாப்சிஸ் என்ற சோதனைச் செடியை 28 டிகிரியில் வைத்தபோது, நோய் தாக்கினாலும் அது போதுமான சாலிசிலிக் அமிலத்தைத் தயாரிக்கவில்லை என்று 2022-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது பாக்டீரியா நோயில். ஆனால், தேமல் வைரஸைப் புள்ளிகளில் சிறைவைக்கும் புகையிலையின் எதிர்ப்பும் 28 டிகிரிக்கு மேல் வேலை செய்யாது என்பது பல பத்தாண்டுகளாகவே தெரிந்த செய்தி. 28 டிகிரி என்பது நமக்குக் கோடைக் காலம்கூட இல்லை. குளிர் நாட்டுக் கண்ணாடிக் கூடத்தில் பலித்ததெல்லாம் விருதுநகர் வெயிலிலும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே, இந்த மண்ணில், இந்தப் பட்டத்தில் சோதித்த பரிந்துரைக்குத்தான் மதிப்பு.

பாட்டில் வாங்கும் முன்

இப்போது பணம் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். ‘தாவரச் சாறு’, ‘இயற்கை எதிர்ப்புச் சக்தி’ போன்ற வார்த்தைகளோடு விற்கப்படும் பல திரவங்கள் ‘பயோஸ்டிமுலன்ட்’, அதாவது உயிர் ஊக்கி என்ற வகையில் வருபவை. 2021 பிப்ரவரியில் இவற்றை மத்திய அரசு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்தது. அந்த ஆணை தரும் விளக்கத்தின்படி, செடியின் வளர்ச்சி, சத்து உறிஞ்சும் திறன், மகசூல், நெருக்கடியைத் தாங்கும் தன்மை ஆகியவற்றை ஊக்குவிப்பவைதான் இவை. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-ன் கீழ் வரும் மருந்துகள் இந்த வகையில் சேராது. ஆகவே, உயிர் ஊக்கி என்று பதிவான ஒரு பாட்டிலைக் காட்டி யாராவது ‘இது வைரஸைக் கட்டுப்படுத்தும்’ என்று விற்றால், அந்தப் பதிவு சொல்லாத ஒன்றைச் சொல்லி விற்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, ‘இதை நோய் வருவதற்கு முன்னால் அடிக்கணுமா, வந்த பிறகா?’ என்பதுதான். ‘வந்த பிறகு அடிச்சாலும் சரியாயிடும்’ என்று பதில் வந்தால் பர்ஸை எடுக்காதீர்கள். சங்கு ஊதும் பொருளானாலும் சாறானாலும் முன்கூட்டித் தெளித்தால்தான் பலன். வைரஸ் பரவி முடிந்த செடியைக் குணப்படுத்துவதாகச் சொல்வது, இதுவரை நாம் பார்த்த எந்த ஆய்வோடும் பொருந்தாது. இரண்டாவது, பாட்டிலில் என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது, எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு என்று லேபிளில் பாருங்கள். பில் கேளுங்கள்.

சில சமயம் இப்படி விற்கும் திரவம் அடித்த பிறகு வயலில் புதிதாக வரும் தளிர்கள் பச்சையாகத் தெரியும். ‘கேட்டுடுச்சே!’ என்று தோன்றும். அதில் சத்து கலந்திருந்தால் தளிர் பச்சையாக வருவது இயல்பு. வைரஸ் உள்ளேயேதான் இருக்கும். அந்தச் செடியில் உட்கார்ந்து எழும் வெள்ளை ஈ, அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோகும். பிடுங்கியிருக்க வேண்டிய செடியை இரண்டு வாரம் நம்பி வைத்திருப்பதால் வரும் நஷ்டம், பாட்டிலின் விலையைவிடப் பெரியதாகிவிடலாம்.

உளுந்தில் மஞ்சள் தேமலுக்கு இப்போதைக்குக் கைகொடுப்பது விதைதான். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 8 போன்ற ரகங்கள் மஞ்சள் தேமலை எதிர்க்கும் திறன் கொண்டவை. நிலக்கடலை போடுகிறவர்கள், ஓலைச் சாற்றை முழு வயலில் செய்து பார்க்கும் முன் பத்து சென்ட்டில் முயன்று பார்க்கலாம். அதற்கு இரண்டு கிலோ பொடியும் 20 லிட்டர் சாறும் போதும். பத்தாம் நாள், இருபதாம் நாள் தெளித்துவிட்டு, பக்கத்தில் தெளிக்காத பாத்தியில் எத்தனை செடி மொட்டு கருகியிருக்கிறது, தெளித்த பாத்தியில் எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள்.